மேடம் ஓதிய கடிதம்

மச்சி,

இன்றைக்கு ஓர் அரபுப் பெண் நான் எழுதிய தமிழை வாசித்தாள். அவளுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் வாசித்தாள், எழுத்தெழுத்தாக, தட்டித் தடுமாறி, சத்தமாக. பக்கத்தில் நின்று கேட்ட நான் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டேன். மகள் ஓடி வந்து என்னை ஒரு வாங்கில் இருத்தினாள். சீனி இறங்கிவிட்டதென்று நினைத்து யாரோ ஒரு டொபி தந்தார்கள். எனக்குச் சீனியும் இறங்கவில்லை, பிறஷரும் ஏறவில்லை. உன் ஞாபகம் வந்தது, அவ்வளவுதான். அதை அந்த ஊர் ஆட்களுக்கு எந்தப் பாஷையில் சொல்லுவது? டொபியை வாயில் போட்டுக்கொண்டேன்.

மவுத்தாகி மண்ணுக்குப் போனவர்களுக்குக் கடிதம் எழுதுவது நம் வழக்கமில்லை. யாசீன் ஓதுவோம், துஆக் கேட்போம், கத்தம் ஓதிச் சோறு கொடுப்போம். அதெல்லாம் உனக்குக் குறைவில்லாமல் செய்திருக்கிறேன். ஆனால் ஓர் ஆளுக்குச் செய்த பிழையை அல்லாஹ்விடம் மட்டும் கேட்டு முடிக்க ஏலாது, அந்த ஆளிடமும் கேட்கவேண்டும் என்பது நாம் குர்ஆன் ஓதுற பள்ளியில் முதலில் படித்த பாடம். நான் உன்னிடம் கேட்கவில்லை. நீ மவுத்தான பிறகும் முப்பது வருஷத்துக்கு மேலாக இழுத்தடித்துவிட்டேன். வயதும் போய்விட்டது, இதைச் சுமந்துகொண்டு திரிந்து எனக்கும் அலுத்துவிட்டது. இன்றைக்கு எழுதி முடித்துவிடுகிறேன்.

நான் இப்போது இங்கிலாந்தில், மகள் வீட்டில் இருக்கிறேன். மூன்று மாதம் நின்று பார்த்துவிட்டுப் போகலாமென்று வந்தேன். வந்த நாளிலிருந்து மழை. கடல் இருக்கிற ஊர்தான், ஆனால் அந்தக் கடலைப் பார்த்தால் மீன் இருக்கும் என்றே நம்ப முடியாது. மகளுக்கு இன்று லீவு. "வீட்டுக்குள்ளயே குந்திக்கிட்டு இரிக்கீங்க உம்மா, வாங்க, ஒரு இடம் காட்டுறன்" என்று இழுத்துக்கொண்டு போனாள். கடையோ, பூங்காவோ என்று நினைத்துப் போனால், ஒரு பழைய களஞ்சியத்தின் கீழ்த்தட்டில் இரண்டே இரண்டு அறை. ரகசிய எழுத்துகளுக்கு ஒரு மியூசியமாம். இதற்கெல்லாமா மியூசியம் வைப்பார்கள் என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

கண்ணாடிப் பெட்டிக்குள் என்னென்னவோ வைத்திருந்தார்கள். யுத்த காலத்து மெஷின் ஒன்று, பார்த்தால் கச்சேரி ஒபிஸில் இருந்த பழைய டைப்ரைட்டர் மாதிரி. ஓர் எழுத்தை அமத்தினால் வேறோர் எழுத்தில் வெளிச்சம் பத்தும். தந்தி அடிக்கிற கட்டை. வட்டத்துக்குள் வட்டமாகச் சுழலும் பித்தளைத் தகடு. தேசிக்காய்ச் சாற்றில் எழுதி, நெருப்பில் காட்டி வாசித்த கடிதம். மகள் ஒவ்வொரு பலகையையும் எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். நான் "ஓம், ஓம்" என்றேன். என் கண் எங்கே வாங்கு இருக்கிறதென்றுதான் தேடியது.

அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்கிற ஒரு வயதான மனுஷன் வந்தவர்களைக் கூட்டி வைத்து விளக்கம் சொன்னார். உங்களில் யாராவது ரகசிய எழுத்து எழுதியிருக்கிறீர்களா என்று கேட்டாராம். என் மகளுக்கு வாய் சும்மா இராது. எங்கள் உம்மா தமிழை அரபெழுத்தில் எழுதுவா, எனக்கே வாசிக்க ஏலாது என்று சொல்லிவிட்டாள். அந்த மனுஷனுக்குப் பெருநாள் வந்த மாதிரி. தாளும் பேனையும் என் கைக்கு வந்தன. நான் யோசிக்கவில்லை. கை தானாக எழுதியது: "மச்சி, நீ சுகமாக இருக்கிறாயா? நாங்கள் சுகம்."

அவர் தாளை உயர்த்திக் காட்டி, இதை இங்கே ஒருவராலும் வாசிக்க முடியாது என்று சிரித்தார். பின்னால் முக்காடு போட்ட ஒரு பிள்ளை நின்றது, படிக்க வந்த பிள்ளை, எந்த அரபு நாடோ தெரியாது. நான் வாசிப்பேனே என்று முன்னுக்கு வந்தது. தமிழ்ச் சத்தத்துக்காக நாம் கூடப் போடுகிற புள்ளிகளில் கொஞ்சம் தடுக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது. "மச்சி… நீ… சுகமாக…" பக்கத்து வீட்டுக்காரியான உன்னை நான் கூப்பிடுகிற சொல் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. முழுவதும் வாசித்து முடித்துவிட்டு, இது என்ன பாஷை என்று கேட்டது. அப்போதுதான் நான் சுவரில் சாய்ந்தேன்.

வாங்கில் இருக்கும்போது மகள் குனிந்து சொன்னாள்: "அந்த மனுஷன் சொல்றாரு உம்மா, எழுத்து ஒளிக்கிறண்டா, ஆருக்கு ஒளிக்கிறதெண்டு முதல்ல யோசிக்கோணுமாம்." நல்ல புத்திதான். நாற்பது வருஷம் பிந்திச் சொன்னார்.

மச்சி, உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலி. அதில் நாம் போய்வருகிற ஓர் இடைவெளி. சூறாவளி அந்த வேலியைக் கொண்டுபோனது, உன் வீட்டுக் கூரையையும் கொண்டுபோனது. விடிந்து பார்த்தபோது நான்கு தென்னையும் முறிந்து கிடக்க, நீ நனைந்த பாயை உதறிக்கொண்டு, "இனி நிலா பாக்க வெளிய வரத் தேவல்லகா, வீட்டுக்குள்ளயே பாக்கலாம்" என்றாய். அப்படித்தான் நீ. அழவேண்டிய இடத்தில் ஒரு பகிடி விடுவாய், பிறகு போய்த் தனியாக அழுவாய். நம் ஊரில் வீடு பொம்பிளைப்பிள்ளைக்குரியது. உனக்கு இரண்டு பெண்கள். கூரையில்லாத வீட்டை எந்த மகளுக்குக் கொடுப்பது என்று ஒரு வருஷம் யோசித்தாய். பிறகு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகப் பேர் கொடுத்தாய்.

போவதற்கு முந்திய கிழமை கிணற்றடியில் வைத்து உடுப்புக் கழுவிக்கொண்டு சொன்னாயே, ஒவ்வொரு சொல்லும் எனக்கு மனப்பாடம்.

"இஞ்ச பாருகா. அங்க எனக்கு என்னமும் ஒண்டு நடந்தா, இவரு வாசிக்கிற கடுதாசியில நான் எழுத மாட்டன். உம்மாக்கு நெஞ்சு வருத்தம். கேட்டா தாங்க மாட்டா. உனக்குத் தனியா அரபுத்தமிழ்ல எழுதுவன். வாசிச்சிட்டு அடுப்புல போடு."

நீ சொன்னது நியாயம். உன் புருஷன், நான் காக்கா என்று கூப்பிடுகிற அந்த மனுஷன், தங்கமானவர். ஆனால் வாய் ஓட்டை. கடிதம் வந்தால் முற்றத்தில் நின்று நாலு வளவுக்குக் கேட்க வாசிப்பார். பக்கத்து வளவு ஆட்கள் அடுப்பைத் தணித்துவிட்டு வந்து கேட்பார்கள்.

"காக்காவுக்கு அரபெழுத்து வாசிக்க ஏலாதா?" என்று கேட்டேன்.

"அவரா? அலிஃப், பே சொல்லிக்குடுக்கக்குள்ளயே ஓதுற பள்ளி வேலியால பாய்ஞ்சு ஓடின ஆள்கா அவரு. யாசீன் ஓதச் சொன்னா இருமல் வரும்."

இரண்டு பேரும் சிரித்தோம். சவர்க்கார நுரையோடு கையை உதறிவிட்டு நீ மற்றதையும் சொன்னாய். "ஆனா நீ மறுமொழி தமிழ்ல எழுது. அங்க உள்ளவங்க அரபி. அரபெழுத்தக் கண்டா எடுத்து வாசிச்சுப் பாப்பாங்க. தமிழெண்டா அவங்களுக்குக் கோழி கிண்டின மாதிரிதான் தெரியும். தமிழ்ல எழுதித் தனிக் கவர்ல நீயே போஸ்ட் பண்ணு. இவருட கையில குடுத்திராத, என்ன?"

"ஓம்கா, ஓம்" என்றேன். உனக்கு எல்லாம் இரண்டு முறை சொல்லவேண்டும் என்று எரிச்சலாகவும் இருந்தது.

பார்த்தாயா, நீ எல்லாவற்றையும் யோசித்திருந்தாய். போகிற கடிதத்தை யாருக்கு மறைப்பது, வருகிற கடிதத்தை யாருக்கு மறைப்பது என்று இரண்டையும் பிரித்து வைத்திருந்தாய். அந்த மியூசியத்துப் பித்தளைத் தகட்டுக்காரனுக்கு உன் புத்தியில் பாதி இருந்தாலே பெரிய விஷயம்.

முதல் ஐந்து மாதமும் காக்காவின் வாசிப்புத்தான். ஒவ்வொரு நாளும் கோழியிறைச்சி, வீட்டுக்குள்ளே குளிர்காற்று மெஷின், வீட்டுக்கார மேடம் தன் உடுப்பைத் தந்தா. மாமி, உன் உம்மா, ஒவ்வொரு வரிக்கும் "அல்ஹம்துலில்லாஹ்" சொன்னா. ஆறாம் மாதம் எனக்கு ஒரு கவர் வந்தது. மேலே வேறு யாரோ எழுதிய இங்கிலிஸ் விலாசம். உள்ளே பாதித் தாள், நம் எழுத்து.

இஸ்திரிப் பெட்டியால் கையைச் சுட்டுவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். வேண்டுமென்றே சுட்டதா, கோபத்தில் பட்டதா என்று எழுதவில்லை. மருந்து போட விடவில்லை. குசினியில் படுக்கை. பாஸ்போட் மேடத்தின் அலுமாரிக்குள். அந்த வீட்டு டிரைவர் ஒரு மலையாளி, நல்ல மனுஷன், அவர்தான் ஒளித்து போஸ்ட் பண்ணித் தருகிறார். ஏஜென்சிக்காரனிடம் போய் வீடு மாற்றித் தரச் சொல்லு. சொல்லிவிட்டால் 'சொல்லிட்டன்' என்று ஒரு சொல் எழுது. அவ்வளவுதான் நீ கேட்டது. ஒரு சொல்.

எனக்கு அப்போது எட்டு மாதம். இன்று எனக்குப் பலகை வாசித்துக் காட்டினாளே, அவள்தான் வயிற்றில். என் மனுஷன் இறக்காமத்து வயலில், கதிர் முற்றுகிற நேரம், யானைக் காவலுக்கு வாடிக் குடிலில் கிடந்தார். நான் வீங்கிய காலோடு தனியாகப் போய் ஏஜென்சிக்காரனைக் கண்டேன். அவன் மேசையிலிருந்து நிமிரவில்லை. "பொறுங்கம்மா, பொறுங்க. அரபி வீடெண்டா முதல்ல அப்பிடித்தான். நான் ஆளனுப்பிக் கேக்கிறன்" என்றான். கேட்டானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. ஆனால் நான் சொன்னேன். அந்த அளவுக்கு நான் உனக்குப் பிழை செய்யவில்லை.

பிழை அடுத்த நாள் நடந்தது. உச்சி வெயில். உழவு மாடு மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். காக்கா சைக்கிளோடு வாசலில் நின்றார், கையில் உனக்கான கவர், இன்னும் ஒட்டவில்லை.

"தங்கச்சி, ஏதும் எழுதுறண்டா தாங்க, இதுக்குள்ளயே வச்சி அனுப்புறன். நீங்க இந்த வெயிலுக்கு போஸ்ட் ஒபிஸ் நடந்து என்னத்துக்கு?"

நான் ஒன்றும் எழுதவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் பொறுத்து, வெயில் தாழ, மெல்ல மெல்ல நடந்து போயிருக்கலாம். எனக்கு அலுப்பாக இருந்தது. அவ்வளவுதான் மச்சி. உன் மேல் பொறாமையில்லை, கோபமில்லை, ஒரு கெட்ட எண்ணமுமில்லை. நடக்க அலுப்பு. தமிழில் எழுதினால் காக்கா வாசித்துவிடுவார், ஊர் கேட்கும், மாமி விழுந்துவிடுவா. ஆகவே அரபெழுத்தில் எழுதினேன்.

நீ கிணற்றடியில் சொன்னது எனக்கு மறக்கவில்லை. இதைத்தான் முக்கியமாக எழுதவேண்டும். மறந்து செய்ததில்லை. பேனை மூடியைக் கழற்றும்போதே உன் குரல் காதில் விழுந்தது. அரபிக்காரிக்குத் தமிழ் விளங்கவா போகிறது, எழுத்தை வாசித்தாலும் கதை விளங்காதுதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன்.

ஒரு சொல்லோடு நிறுத்தினேனா? அதுவுமில்லை. எழுத எழுத என் வீரம் எனக்கே பிடித்துப்போனது. அந்தப் பொம்பிளை செய்கிற அநியாயம் ளுல்ம், ஹறாம் என்று எழுதினேன். பாஸ்போட்டைக் கேட்டு வாங்கு, தராவிட்டால் டிரைவரைக் கூட்டிக்கொண்டு பொலிஸுக்குப் போ என்று எழுதினேன். கட்டிலில் கிடந்துகொண்டு குவைத்துப் பொலிஸுக்கு ஆளனுப்பினேன். தாள் முழுக்க நிரம்பியது.

காக்கா அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன தங்கச்சி, பேய்க்குக் கட்டுற இசுமா?"

"ஓம் காக்கா. அவ தைரியமா இரிக்கட்டும் எண்டு."

அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அந்தத் தாளைத் தாயத்து மாதிரிக் கண்ணில் ஒற்றி, முத்தி, கவருக்குள் வைத்தார். ஓதத் தெரியாத மனுஷனுக்கு அரபெழுத்தின் மேல் இருந்த மரியாதை. அவர் சைக்கிளில் ஏறிப்போனதைப் பார்த்துக்கொண்டு படுத்தேன். நன்றாக நித்திரை கொண்டேன், வெட்கமில்லாமல்.

அதற்குப் பிறகு உன் கடிதம் வரவேயில்லை. எனக்கும் இல்லை, காக்காவுக்கும் இல்லை. என் பிள்ளை பிறந்தாள், நாற்பது முடிந்தது, தவழ்ந்தாள். தபால்காரனின் மணிச்சத்தம் கேட்டால் மாமி வாசல் கடப்படிக்கு வருவா. மணி கடந்து போய்விடும், மாமி அப்படியே நிற்பா. ஊருக்கு வாய் இருக்கிறதுதானே. அரபியைக் கட்டிக்கொண்டாளாம் என்றார்கள். ஓடிவிட்டாளாம் என்றார்கள். காக்கா ஏஜென்சிக்கு நடந்து நடந்து செருப்புத் தேய்ந்தது. வாய் ஓட்டையாக இருந்த மனுஷன் கதைப்பதையே விட்டார்.

"கடுதாசி வந்தாகா உனக்கு?" என்று மாமி என்னிடம் கேட்பா. என்னிடம்தான் கேட்பா, ஏனோ தெரியாது. "வரும் மாமி, தபால் பிந்துது" என்பேன். ஒரு நாள் ளுஹர் தொழுகைக்கு ஒழுச்செய்யப் போனவ கிணற்றடியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டா. தூக்கிக்கொண்டு வந்து படுக்கவைத்தோம். உன் பேரைச் சொன்னா, கலிமா சொன்னா, போய்விட்டா. உனக்குத் தந்தி அடித்தோம். அஸருக்குப் பிறகு அடக்கினோம். தந்திக்கும் பதிலில்லை.

நீ வந்த நாளை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். வேனில் வந்து இறங்கினாய், ஒரு சூட்கேசும் ஒரு கம்பளியும். உன்னைக் கண்டு முதலில் எனக்கு ஆளே மட்டுப்படவில்லை, அவ்வளவு மெலிவு. "உம்மா!" என்று கூப்பிட்டுக்கொண்டு வாசலுக்கு ஓடினாய். வெறும் வீடு. பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், காக்கா கடையில். நீ திரும்பி வேலிப்பக்கம் பார்த்தாய். நான் என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உம்மா எங்ககா?"

"மச்சி, முதல்ல வந்து இரி."

"இரிக்கிறது கிடக்கட்டும். உம்மா எங்க?"

உனக்குத் தெரியாது. தந்தி வந்த செய்தியையே அந்த வீட்டார் உனக்குச் சொல்லவில்லை. மாமி மவுத்தாகி எட்டு மாதம். அதை உனக்குச் சொன்ன வாய் இந்த வாய்தான். நீ அன்றைக்கு ஒரு பகிடியும் விடவில்லை.

நடந்ததை நீ எனக்குச் சொன்னது பத்துப் பதினைந்து நாள் கழித்து. குசினியில் இருந்து கீரை ஆய்ந்துகொண்டு, தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்.

"மேடம் கவரெல்லாம் உடைச்சுத்தான் தருவா. படம் இருந்தா பாப்பா, தமிழத் தூக்கி எனக்கிட்ட எறிவா. அண்டைக்கு உன்ட தாளக் கண்டுட்டு அப்பிடியே நிண்டுட்டா. மறுகா கதிரையில இருந்து, ஓதுற மாதிரிச் சத்தமா வாசிச்சா. எனக்கு எல்லாம் விளங்குது. அவக்கு ஒண்டும் விளங்கல்ல. எனக்குச் சிரிப்பும் வந்திச்சிகா, உன்ட கதை அவட வாயால வர. ளுல்ம் எண்ட இடத்துல நிண்டா. ஹறாம் எண்ட இடத்துல என்னப் பாத்தா. பாஸ்போட், பொலிஸ், டிரைவர் எண்டு வந்த உடன எழும்பிப் போய் புருஷனக் கூட்டிக்கிட்டு வந்தா."

அநியாயத்துக்கு நாம் சொல்கிற சொல்லும் அவர்கள் சொல்கிற சொல்லும் ஒன்றென்பது கட்டிலில் கிடந்து எழுதும்போது எனக்கு உறைக்கவில்லை. டிரைவரை அடுத்த நாளே அனுப்பிவிட்டார்கள். உன்னிடமிருந்த பேனையை எடுத்தார்கள். வந்த கடிதங்களைக் குப்பையில் போட்டார்கள். பிறகு வந்த மாமியின் மவுத்துத் தந்தியும் அதோடு போனது. ஒப்பந்தம் முடிகிற நாள்வரை வெளிக்கதவு உனக்குப் பூட்டு.

இன்று அந்தப் பிள்ளை வாசித்தது ஒரு வரி, அதுவும் சுகம் விசாரிக்கிற வரி. அதற்கே என்னை வாங்கில் இருத்தவேண்டி வந்தது. நீ ஒரு முழுத் தாளையும் நின்று கேட்டாய்.

கீரைத் தண்டை முறித்துக்கொண்டு நீ கேட்டாய். "மச்சி, எனக்கு இப்ப ஒண்டும் ஞாபகமில்ல. நான் உனக்குத் தமிழ்ல எழுதச் சொன்னனா, இல்லாட்டி அதுலயே எழுதச் சொன்னனா?"

உன் முகத்தில் குற்றச்சாட்டு இல்லை. உனக்கு உண்மையாகவே தெரியவில்லை. அந்த வீடு உன் ஞாபகத்தில் பாதியைத் தின்றிருந்தது. நான் என் பிள்ளையின் மூக்கைத் துடைத்தேன், தேவையில்லாமல். பிறகு சொன்னேன்.

"நீ அதுலதான் எழுதச் சொன்னகா."

"ஓம்… அப்பிடித்தான் சொல்லியிருப்பன்" என்றாய். "என்ட மொக்குத்தனத்தால உம்மாட முகத்தயும் பாக்கல்ல."

நான் அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு எட்டு வருஷம் நின்றது. நீதான் அதை நிற்க வைத்தாய். கலியாண வீட்டில், சோறு ஆக்குகிற இடத்தில், பொம்பிளைகள் வெங்காயம் உரிக்கும்போது அந்தக் கதையைச் சொல்லுவாய். மேடம் ஓதியதை ஓதிக் காட்டுவாய். ளுல்ம் என்ற இடத்தில் கண்ணை உருட்டுவாய். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "அரபிட ஊருக்கு அரபெழுத்துல எழுதச் சொன்ன மொக்கு நான்தான்" என்று முடிப்பாய். நானும் சிரிப்பேன். வெங்காயம் உரிக்கிற இடம் என்பதால் கண் கலங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஒருநாளும் ஓர் ஆளிடமும் என் எழுத்து, என் தாள் என்று நீ சொல்லவில்லை. "ஊரிலயிருந்து ஒரு கடுதாசி" என்றுதான் சொல்லுவாய். என்னைக் காப்பாற்றியே அந்தக் கதையைச் சொன்னாய். எனக்கு ஒவ்வொரு முறையும் ஒரு சூடு.

கூரை போட்டாய். மூத்தவளுக்கு அந்த வீட்டைக் கொடுத்தாய். அதற்கிடையில் நாடும் கெட்டது. இன்றைக்கு ஹர்த்தால், நாளைக்கு ஊரடங்கு, கடை திறந்த நாளை எண்ணிச் சொல்லலாம். பக்கத்துத் தமிழ் ஊர் ஆலையடிவேம்புக்குப் போய் அரிசி கொண்டுவர யோசிக்கிற காலமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து உனக்குக் கிட்னி. கொழும்புக்குக் கொண்டுபோய் வெட்டவேண்டும் என்றார்கள்.

தூரப் பயணம், ஒப்பரேஷன் என்றால் நம் வழக்கம் உனக்குத் தெரியும். உறவையும் அண்டை அயலையும் கூப்பிட்டுப் பொருத்தம் கேட்க வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கங்க என்று போகிறவர் கேட்பார். நிற்கிறவர், பொறுத்தன், நீங்களும் என்னப் பொறுத்துக்கங்க என்று திருப்பிக் கேட்பார். இரண்டு பக்கமும் கேட்டால்தான் அது முடியும்.

காலை எட்டு மணியிருக்கும். பாதை திறந்திருக்கிற நேரத்துக்குள் போய்ச் சேரவேண்டுமென்று வேன்காரன் அந்தரப்படுத்தினான். முற்றத்தில் உன்னைக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்தார்கள், கேட்டார்கள், அழுதார்கள். நான் கடைசி. உன் கை இஸ்திரி சுட்ட தழும்போடு என் கைக்குள் இருந்தது.

"மச்சி, எல்லாத்தயும் பொறுத்துக்ககா. உனக்குக் கன கரைச்சல் தந்திட்டன். அந்த வயித்தோட உன்ன ஏஜென்சிக்கு நடக்க வச்சன்."

அதையா நீ என்னிடம் பொறுக்கச் சொன்னாய்? "பொறுத்தன்" என்றேன். நீயும் என்னைப் பொறுத்துக்கொள் என்ற மற்றப் பாதியை விட்டுவிட்டேன். மற்றப் பாதியைச் சொன்னால் எதைப் பொறுப்பது என்று சொல்லவேண்டி வரும். சொல்லாமல் பொறுக்கக் கேட்டால் அது உன்னை இன்னொரு முறை ஏமாற்றுவது. வேன் ஹோர்ன் அடித்தது. நீ கையை விடவில்லை. என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாய்.

"நீயும் கேளுகா. வழக்கம்தானே."

நான் உன் கையிலிருந்து என் கையை எடுத்தேன். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பகிடி மாதிரிச் சொன்னேன்.

"போகா. உனக்கு நான் என்ன செஞ்சன், பொறுக்கிறத்துக்கு?"

நீ தலையை ஆட்டினாய். ஏற்றினார்கள். வேன் போனது. ஒப்பரேஷன் முடிந்து நான்காம் நாள் நீ மவுத்து. பாதை பூட்டியிருந்ததால் கொழும்பிலேயே அடக்கிவிட்டார்கள். உன் முகத்தை நான் பார்க்கவில்லை.

மகள் கீழே தேத்தண்ணி ஊற்றிவைத்துக் கூப்பிடுகிறாள். இது யாருக்கு எழுதுகிற கடிதம் என்று அவளுக்குத் தெரியாது. நான் உன்னிடம் கடைசியாகக் கதைத்தது ஒரு கேள்வி, மச்சி. உனக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். நீ பதில் தெரியாமல் போய்விட்டாய். அந்தப் பதிலைத்தான் தமிழில், தனித் தாளில், இவ்வளவு நேரமும் எழுதினேன். என்னைப் பொறுத்துக்கொள்.